முப்பத்து மூன்றா, நாற்பத்தைந்தா

டார்வென்,
26 பிப்ரவரி 1980

நெவில்,

நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய் இன்றோடு பதினெட்டு நாள். க்ரிம்ஸ்பியில் மீனை உறைய வைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மாதான் சொன்னார். நீ தங்கியிருக்கும் வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். வீட்டுக்கார அம்மாள் மாடிக்குப் போய்விட்டு வந்து, "அவர் இல்லைன்னு சொல்லச் சொன்னாரும்மா" என்றார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டின் நடுவில் ஒட்டும் வட்டக் காகிதத்துக்கு தரையில் விரிக்கும் லினோலியத்தின் ஒரு துண்டில் முத்திரை செதுக்கியவள் நான். மேலே நம் கம்பெனியின் பெயர் 'ஈரச்சுவர்', அதன் கீழே பாட்டின் பெயர் 'இரண்டாம் தரம்', அதன் கீழே குழுவின் பெயர். அதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதைப் போடவில்லை. காது இருக்கிறவனுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். சின்னத் தட்டு என்றால் ஊரில் எல்லாரும் நாற்பத்தைந்தில்தான் வைப்பார்கள் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. ஐந்நூறு தட்டிலும் அப்படியே அடித்தேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து வால்பேப்பரில் உறை ஒட்டிக்கொண்டிருந்தாய், நீயும் கவனிக்கவில்லை. சரி, அதைச் சொல்லிக்காட்டும் யோக்கியதை எனக்கில்லை.

நாம் அனுப்பிய தட்டை வானொலிக்காரர் நாற்பத்தைந்தில் ஓட்டினார். ஆறு நிமிடப் பாட்டு நாலரை நிமிடத்தில் முடிந்தது. பாட்டு முழுக்கப் பேசுகிற உன் அம்மாவின் குரல் எட்டு வயதுப் பெண்ணின் குரலாகிவிட்டது. நீ துடித்ததைப் பார்த்தேன். ஆனால் நெவில், கேட்டவர்களுக்கு அது பிடித்துப் போய்விட்டது. ஐந்நூறும் ஒன்பதே நாளில் தீர்ந்தது. நம் முதல் நாலு தட்டுகளும் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் தூங்குகின்றன என்பதை மறந்துவிடாதே.

இப்போது லண்டன் மொத்த வியாபாரி இரண்டாயிரம் கேட்கிறார். ஆனால் நடுவட்டத்தில் 45 என்று போட்டிருக்க வேண்டுமாம். வானொலியில் கேட்டதைத்தான் ஜனம் கேட்கிறதாம். 33 என்று போட்டால் இருநூறுக்கு மேல் வேண்டாமாம். ஒலிநாடாவிலிருந்து வேறு வேகத்தில் புதிதாகத் தட்டு வெட்டலாம் என்றால் நம்மிடமிருந்த ஒரே ஒலிநாடாவில் அடுத்த குழுவைப் பதிந்துவிட்டோம். அச்சடிக்கும் ஆலையிலிருக்கும் உலோக அச்சுதான் மிச்சம். தட்டு மாறாது, பாட்டும் மாறாது. எந்த எண்ணை முத்திரையில் செதுக்குவது என்பது ஒன்றுதான் கேள்வி.

இந்த இரண்டாயிரம் விற்றுப்போனால் காத்திருக்கும் மூன்று குழுக்களுக்கும் தட்டு போடலாம். போகாவிட்டால் ஈரச்சுவரை மூட வேண்டியதுதான். இரண்டு பேரும் சம்மதிக்காமல் எதையும் வெளியிடக் கூடாது என்று வேலையில்லாதோர் அலுவலக வாசலில் மழையில் நின்று கை குலுக்கினோம். அந்தக் கைக்குத்தான் எழுதுகிறேன். சரி என்று ஒரு வரி போடு.

நோரீன்


க்ரிம்ஸ்பி,
3 மார்ச்

நோரீன்,

இங்கே மீன் நாற்றம் தலைமுடி வரை ஏறிவிட்டது. உன் கடிதத்துக்கு அது எவ்வளவோ தேவலை.

அம்மா அந்த வால்பேப்பர் ஆலையில் இருபத்தாறு வருடமாகச் சோதனை மேசையில் நிற்கிறாள். வால்பேப்பர் சுருள் சுருளாக ஓடிவரும். அம்மா பார்ப்பாள், குறையைச் சொல்வாள், எழுதுகிறவள் எழுதிக்கொள்வாள். "கோடு கோணல். சாயம் ஓடியிருக்கு. பூவுக்குக் காம்பு இல்லை. கழி." இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தாமலே கேட்கும் அந்தக் குரல். கனமான, அவசரமில்லாத குரல். அதைக் கேட்டுக்கொண்டுதான் பக்கத்துக் கொட்டகையில் இரண்டு வருடம் மூட்டை கட்டினேன். அந்தக் குரலுக்காகத்தான் பாட்டே செய்தேன். நான் அதில் பாடக்கூட இல்லை, பின்னால் முனகுகிறேன், அவ்வளவுதான். பதிவு செய்த அன்று தேவாலயக் கூடத்தில் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று, ஆலையின் குறை நோட்டைப் பார்த்து ஒரே மூச்சில் படித்துவிட்டு, "போதுமாடா, கடை மூடிடுவான்" என்று கிளம்பினாள். நீதானே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

வானொலிக்கு அடுத்த திங்கட்கிழமை ஆலைக் கான்டீனில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அங்கே இல்லை. ஒருவன் எலிக்குரலில் "சாயம் ஓடியிருக்கு" என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. அடுத்த மேசையும் ஆரம்பித்தது. அம்மா தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவைக் கோமாளியாக்கியது என் பாட்டு. அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வேலையை விட்டதும் ஊரை விட்டதும் அதனால்தான், உன் கதவை அறைந்த சண்டைக்காக இல்லை.

உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. வானொலிக்காரருக்கு ஒரு வரி எழுது, வேகம் முப்பத்து மூன்று என்று சொல், அவர் சரியாக ஒரு தடவை ஓட்டட்டும் என்றேன். நீ தரையைப் பார்த்தாய். பிறகு இங்கே வந்து ரேடியோவைப் போட்டால் அந்த மனுஷர் என்ன சொல்கிறார் தெரியுமா? "தட்டை வெளியிட்டவங்களே எழுதியிருக்காங்க, நாற்பத்தைந்துதானாம்" என்கிறார்.

யார் எழுதியது நோரீன்? ஈரச்சுவரில் இருப்பது இரண்டு பேர். என் கை மீன் வெட்டிக்கொண்டிருந்தது.

நெவில்


டார்வென்,
8 மார்ச்

நெவில்,

நான்தான் எழுதினேன்.

நீ போன மறுநாள் காலை தபால்காரர் முப்பத்தாறு கடிதம் கொண்டுவந்தார். "என்னம்மா, கல்யாணமா?" என்று கேட்டார். எல்லாம் ஆர்டர். அதோடு வானொலிக்காரரின் அட்டையும் இருந்தது. 'இது சரியான வேகம்தானா? எனக்கு ஒரு சந்தேகம்' என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். முதல் தடவையாக நம்மை யாரோ தேடுகிறார்கள் என்ற மயக்கத்தில் இருந்தேன். 45 என்று எழுதித் தபால்பெட்டியில் போட்டேன். போட்ட கையோடு பெட்டிக்குள் விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன். மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. தபால்பெட்டியோடு கட்டிப்புரண்ட பைத்தியக்காரி என்று தெருவில் பேர் வந்ததுதான் மிச்சம்.

முத்திரையில் விட்டது மறதி. இது மறதி இல்லை. நீ என்னைத் திட்டினால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வேன்.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். உன் அம்மா கான்டீனில் ஏன் எழுந்து போனார் என்று அவரிடம் கேட்டாயா? நான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் வீட்டுக்கு எட்னா அத்தையைப் பார்க்கப் போகிறேன், நீ இல்லாத வீட்டில் கரி அள்ளிப் போட ஆள் வேண்டாமா? அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கேலி பண்ணாங்களா? நான்கூடத்தான் சிரிச்சேன். சிரிச்சதுல இருமல் வந்துடுச்சு புள்ள. பத்துப் பேர் முன்னாடி இருமிக்கிட்டு நிக்க வேண்டாம்னு வெளியே போனேன். அதுக்கா இவன் மூட்டையைக் கட்டினான்? அவங்கப்பன் மாதிரியேதான், ஒரு வார்த்தை கேக்க மாட்டான்."

ரேடியோவில் வந்தது பிடித்ததா என்றும் கேட்டேன். "பதினாறு வயசுல இப்படித்தான் கீச்சுக் கீச்சுன்னு பேசுவேன். எங்க வீட்டுக்காரர் இருந்தா சாட்சி சொல்லுவார்" என்றார். இதை என் கட்சிக்காகச் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். நடந்தது இதுதான்.

அத்தையின் குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது. குளிர்காலம்தானே என்கிறார். நீ ஒரு தடவை வந்து பார்.

நோரீன்


க்ரிம்ஸ்பி,
12 மார்ச்

நோரீன்,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அதற்கு மேல் நன்றி எதுவும் என்னிடம் இல்லை.

45 கிடையாது. அம்மா பெருந்தன்மைக்காக எதையும் சொல்வாள், என்னைச் சமாதானப்படுத்த உன் வழியாகச் சொல்லி அனுப்புவாள். இருபத்தாறு வருடம் பேசிய குரலை ஒரு வியாபாரிக்காகக் கீச்சுக்குரல் என்று முத்திரை குத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன். கை குலுக்கியது நினைவிருக்கிறது என்றாய் அல்லவா, அந்தக் கை வேண்டாம் என்கிறது. இதைப் பற்றி இனி எழுதாதே.

நெவில்


டார்வென்,
22 மார்ச்

நெவில்,

இது தட்டைப் பற்றி இல்லை. கோபத்தில் கிழித்துவிடாதே, கடைசி வரை படி.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று எட்னா அத்தை என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இன்று அதை மீறுகிறேன். உன்னிடம் கேட்காமல் ஒன்று எழுதிப் போட்டேன், இப்போது அவரிடம் கேட்காமல் ஒன்று எழுதிப் போடுகிறேன். என் புத்தி அப்படி.

குளிர்காலக் கம்மல் இல்லை. தொண்டையில் கட்டி. கெட்ட கட்டிதான். குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தால் பிழைத்துக்கொள்வார், ஆனால் பேச்சு வராது. கொஞ்சமும் வராது. கழுத்தில் துளை போட்டு அது வழியாக மூச்சுவிட வேண்டும். ஏப்ரல் இரண்டாம் தேதி புதன்கிழமை பிளாக்பர்ன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். முந்தின நாள் பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நாலு.

"அவன்கிட்ட சொல்லாதே கண்ணு. அவன் கோபத்துல இருக்கான். பாவம் பார்த்துக் கோபத்தை விட்டான்னு இருக்கக் கூடாது. தானா வரட்டும்" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரமாகத் தூக்கமில்லை. நீ தானாக வருவதற்குள் அத்தையிடம் உன்னைத் திட்டக்கூடக் குரல் இருக்காது.

வண்டிக்கூலிக்கு இல்லையென்றால் கடன் வாங்கியாவது வா, இங்கே பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரம் நான் பேக்கரி வேலையில்தான் இருப்பேன், நீ என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

நோரீன்


க்ரிம்ஸ்பி,
5 ஏப்ரல்

நோரீன்,

பேக்கரி வாசல் வரை வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ரொட்டித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தாய். உள்ளே வந்திருந்தால் அழுதிருப்பேன். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். திரும்பி நடந்துவிட்டேன். நீ சத்தியத்தை மீறியதற்கு உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கார அம்மாளிடம் பெட்டி மாதிரி மூடுகிற ரெக்கார்ட் பிளேயர் ஒன்று இருக்கிறது. அதைக் கடன் வாங்கி மூன்று ரயில் மாறித் தூக்கிக்கொண்டு போனேன். அம்மாவிடம் பிளேயர் கிடையாது. ரேடியோவில் வந்ததைத் தவிர, தன் பாட்டை அவள் கேட்டதே இல்லை. சரியான வேகத்தில் கேட்டால் தன் குரல் எவ்வளவு கம்பீரம் என்று தெரிந்துகொண்டு போவாள் என்று நினைத்தேன். ஆபரேஷனுக்கு முன் அவளுக்கு நான் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும், "அந்தப் புள்ள வாயில ஒண்ணு நிக்காது" என்றாள். குரல் உமி மாதிரி ஆகியிருந்தது. வார்டு சிஸ்டர் சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லி அனுமதித்தார். முப்பத்து மூன்றில் போட்டேன். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"யாருடா இந்தக் கிழவி?"

"நீதாம்மா."

"எடு அதை. நல்லாவே இல்லை. ரேடியோவுல வந்துதே, அதைப் போடு."

வேகத்தை மாற்றும் நெம்புகோலை 45க்குத் தள்ளினேன் நோரீன். வார்டே சிரித்தது. எதிர்க்கட்டில் அம்மாள் தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். "நீ ஏன்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு? எவ்வளவு நல்லா இருக்கு" என்றாள். நீ எழுதியதெல்லாம் சத்தியம். நான் என் ரோஷத்தைத் தூக்கிக் கொண்டுபோய் அவள் தலையில் வைத்து, அவளுக்கு வலிக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னவன்.

பிறகு நாலு மணி வரை பேசினாள். பெரிதாக ஒன்றும் இல்லை. பின்கூரைக் குழாயில் இலை அடைத்திருக்கிறது, ஏணியை ஜாக்கிரதையாய் வை. பால்காரனிடம் ஒரு பாட்டில் குறைக்கச் சொல். சித்தி மகள் கல்யாணத்துக்கு அந்தப் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகாதே. நான் ஒவ்வொன்றுக்கும் ம் ம் என்றேன். எதற்காவது எதிர்வாதம் பண்ணியிருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாள், அது அப்போது தோன்றவில்லை. சிஸ்டர் வந்து மணி அடித்தார். அம்மா, "வெளியே காத்து அடிக்குது, பட்டனைப் போட்டுக்கிட்டுப் போ" என்றாள். நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உனக்குத் தெரிந்திருக்கும்.

45 போட்டுக்கொள். அவள் ஆசை அதுதான். என் கை சம்மதிக்கிறது.

நெவில்


டார்வென்,
21 ஏப்ரல்

நெவில்,

உன் கடிதத்தைப் பேக்கரி மாவு மூட்டை மேல் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். முதலாளியம்மா, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, பிழைத்துவிட்டார்கள் என்றேன்.

நீ அத்தையை மோர்காம் கடற்கரை ஓய்வில்லத்துக்குக் கூட்டிப் போயிருப்பது நல்லது. போவதற்கு முன் நான் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சிலேட்டுப் பலகையில் 'கரி அள்ளினாயா' என்று எழுதிக் காட்டினார். ஆம் என்று நானும் பலகையை வாங்கி எழுதிக் கொடுத்தேன். எனக்குக் காது கேட்கும் என்பதே மறந்துவிட்டது. அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை. பஸ்ஸில் வீடு வரை அழுதுகொண்டு வந்தேன்.

இரண்டாயிரம் தட்டும் ஆலையிலிருந்து வந்து நம் ஈரமான சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கின்றன. நடுவட்டம் வெறும் வெள்ளை. லண்டன் வண்டி மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறது. இரண்டு முத்திரையும் செதுக்கி வைத்திருக்கிறேன். நேற்று 45ல் மையைத் தடவி முதல் தட்டின் மேல் கொண்டுபோனேன். கை இறங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் ஒருவன் கொடுக்கிற சம்மதத்தை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் தடவை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை திருடியவளுக்கு வரும் பயம்தான் இது.

அதனால் மறுபடி கேட்கிறேன். எனக்கு 45 வேண்டும், மறைக்கவில்லை. அது இல்லையென்றால் ஈரச்சுவர் இந்த வருடம் தாண்டாது. ஆனால் அத்தையிடம் இன்னொரு தடவை கேள், இப்போது கேள். எதைச் சொன்னாலும் அதை அடிப்பேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

நோரீன்


மோர்காம்,
28 ஏப்ரல்

நோரீன்,

33ஐயே அடி. கடை மூடிவிடும் என்று தெரியும். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதைத்தான் கேட்கிறேன். வியாழக்கிழமை அம்மாவைச் சித்தியிடம் விட்டுவிட்டு வருகிறேன், உட்கார்ந்து சேர்ந்தே அடிப்போம். வண்டிக்காரர் இருநூறு எடுக்கட்டும். மிச்சத்தை உன் கட்டிலுக்கு அடியில் தள்ள நான் கை கொடுக்கிறேன்.

நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. போன செவ்வாய் மதியம் நான் மருந்து வாங்கப் போய்விட்டு வந்தேன். அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல். வாசலிலேயே நின்றுவிட்டேன். "கோடு கோணல். சாயம் ஓடியிருக்கு." கனமாக, அவசரமில்லாமல். இன்னும் திருப்பிக் கொடுக்காத அந்தக் கடன் பிளேயரில் தட்டை வைத்து, நெம்புகோலை அவளே 33க்குத் தள்ளியிருந்தாள். பெட்டியோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள், உதடுகள் கூடவே அசைந்தன. முடிந்ததும் முள்ளைத் தூக்கி முதலிலிருந்து வைத்தாள். நான் உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கிழவிக் குரல் வேண்டாம் என்று அம்மா சொன்னபோது அவளுக்குப் பேச்சு இருந்தது, அதனால் வேண்டாம் என்றாள். அதை நான் இப்போதுதான் புரிந்துகொள்கிறேன்.

நேற்று இங்கே புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். கழுத்துக் கட்டுத்துணியை மாற்றிக்கொண்டே, அம்மாவுக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டாளோ என்னவோ, என்னிடம் கேட்டாள்.

"உங்கம்மா குரல் முன்னாடி எப்படி இருக்கும்?"

அம்மா விரலைச் சொடுக்கிப் பையைக் காட்டினாள். தட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல வேகம் ஒண்ணும் போடலையே. எந்த வேகத்துல வைக்கிறது?" என்றாள்.

"நாற்பத்தைந்து" என்றேன். அம்மாவைச் சிரிக்க வைக்கலாம் என்ற நினைப்பு.

அம்மா என் மணிக்கட்டில் ஒரு போடு போட்டாள். இன்னும் சிவந்திருக்கிறது. பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, ஒன்றில் மூன்று விரல், மற்றதில் மூன்று விரல் காட்டினாள். அந்தப் பெண் நெம்புகோலைத் தள்ளும்வரை கையை இறக்கவில்லை.

ஆறு நிமிடமும் கேட்டாள் அந்தப் பெண், கட்டுத்துணியை மடியில் வைத்துக்கொண்டு. முடிந்ததும் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "இதுதான் நீங்களா?" என்று கேட்டாள்.

அம்மா தலையாட்டினாள்.

நெவில்